ரிசல்ட் வருவதற்குள் ஒரு கணக்கு

கேள்வி: வணக்கம் மேடம். பள்ளிபாளையம் பக்கம் எங்கள் ஊர். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றுகிறார். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. கணக்கு–உயிரியல் குரூப்பில் 600-க்கு 524 எடுத்தேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்தது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, தன்னாட்சி கிடையாது, எங்களுக்கு 2021 ரெகுலேஷன் (பாட, மார்க் விதிமுறை). முதல் செமஸ்டர் எழுதி முடித்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன்.

கடைசிப் பேப்பர் கணக்கு. ஐந்தாவது யூனிட் கேள்வியைத் தொடவே இல்லை. நாலாவதில் பாதிதான் எழுதினேன். டூ மார்க்கில் ஏழு சரியாக இருக்கும். மற்ற மூன்று பதினாறு மார்க்கும் எழுதினேன், ஆனால் ஒன்றில்தான் விடை வந்தது. வெளியே வந்தால் எல்லாரும் ‘ஈஸி பேப்பர்டா’ என்கிறார்கள். கணக்கு இன்டர்னலில் நூற்றுக்கு முதலாவது 38, இரண்டாவது 61. முதல் மாதம் முழுக்க ஒன்றுமே படிக்கவில்லை. கிளாஸில் புரிந்த மாதிரி இருக்கும், ரூமுக்கு வந்தால் ஒன்றும் இருக்காது. நோட்ஸை நாலைந்து தடவை படித்தும் ஹாலில் எழுத வரவில்லை. ராத்திரி போனில் நேரம் போனது. (பைத்தான் லேப் பரீட்சையில் மட்டும் புரோகிராம் முதல் தடவையே ஓடியது.) மொத்தத்தில் ஒரு செமஸ்டரே வீண். அப்பா ‘எப்படி எழுதின?’ என்று கேட்டால் ‘பரவால்ல’ என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பிவிடுகிறேன். இன்ஜினியரிங் எனக்கு வராது என்றே தோன்றுகிறது. விட்டுவிட்டு ஈரோட்டில் பி.எஸ்சி. சேரலாமா? ரிசல்ட் வரும்வரை இதையே நினைத்துக்கொண்டிருப்பேன் போலிருக்கிறது. என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம்

பதில்:

தம்பி, நடந்துபோன செமஸ்டரைத் திரும்பிப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு நீங்கள் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். சாட்சிகளெல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. அவற்றை விசாரிக்காமலே தீர்ப்பு வந்துவிட்டது.

முதல் சாட்சி, இன்டர்னல். முதலாவது 38, இரண்டாவது 61. இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘ஒன்றுமே படிக்கவில்லை’ என்கிறீர்கள். 38-லிருந்து 61-க்கு யார் கொண்டுபோனது? பாடம் போகப்போகக் கஷ்டமாகிறது. இரண்டாவது இன்டர்னலுக்கு வந்தது முதலாவதைவிடக் கடினமான பகுதி. அதில் 23 மார்க் கூடியிருக்கிறது. வீணாய்ப் போன செமஸ்டரில் இப்படி ஏற்றம் வராது.

இரண்டாவது சாட்சியை நீங்களே அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்கள். உங்கள் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துவந்தவர்கள் இருப்பார்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்திலேயே பைத்தான் உண்டு. அவர்களுக்கு அது ஏற்கெனவே பார்த்த பாடம். நீங்கள் தாவரவியலும் விலங்கியலும் படித்துவிட்டு வந்தவர். ஒரு மொழியை முதல் முதலாகத் தொட்டு, சில மாதத்தில் லேப் பரீட்சையில் முதல் முறையே ஓடவைத்திருக்கிறீர்கள். அரியர் பயத்துக்கு முழுப் பத்தி கொடுத்துவிட்டு இதற்கு ஒரு அடைப்புக்குறிதானா?

ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. கல்லூரியில் ஆலோசகராக உட்கார்ந்திருப்பவளுக்கு ஆறுதல் சொல்வது சுலபம், ஆனால் அதை வைத்துக்கொண்டு மாணவனுக்கு ஒரு வேலையும் நடக்காது. நினைவு எப்படி ஒருபக்கமாகச் சாய்கிறது என்பதைப் பார்க்கத்தான் இந்த இரண்டையும் எடுத்துக் காட்டினேன். உங்களுக்குக் கடைசிப் பேப்பர் கணக்கு, அதிலும் கடைசியாகப் புரட்டியது தொடாமல் விட்ட கேள்வி. அந்த மூன்று மணி நேரத்தின் கடைசி அரைமணிதான் இப்போது ஒரு செமஸ்டர் முழுவதற்கும் சாயம் பூசிக்கொண்டிருக்கிறது.

டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே பொருந்தும். ஆட்களை அழைத்து, 14 டிகிரி குளிர்ந்த நீரில் ஒரு கையை 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதன்பின் கையை எடுக்காமல் மேலும் 30 விநாடி. அந்த 30 விநாடியில் மட்டும் தண்ணீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றினார்கள். அப்போதும் அது வலிக்கும் குளிர்தான். பிறகு, ‘இதில் எதைத் திரும்பச் செய்வீர்கள்?’ என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் முழுவதுமே இதமாக நினைவில் தங்கிவிட்டது. உங்களுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். கணக்குப் பேப்பர் முதல் நாளும் பைத்தான் கடைசி நாளும் வந்திருந்தால், அதே மார்க்கோடு வேறொரு கடிதம் எழுதியிருப்பீர்கள், அல்லது எழுதியே இருக்க மாட்டீர்கள்.

அந்த ‘ஈஸி பேப்பர்டா’ பற்றியும் ஒரு வார்த்தை. பரீட்சை ஹால் வாசலில் நின்று சத்தமாகப் பேசுகிறவன் நன்றாக எழுதியவன். மற்றவன் பேக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறான். நீங்கள் கேட்ட ‘எல்லாரும்’ அங்கே நின்ற நாலைந்து பேர். இனிமேல் எந்தப் பேப்பர் முடிந்தாலும் அந்த வாசலில் நிற்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரிசல்ட் வரும்வரை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். திரும்பிப் பார்க்கிற வேலையை ரிசல்ட் வருவதற்குள் முடித்துவிடுங்கள் என்பதுதான் என் பதில். பெரும்பாலான மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். வந்த பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பாஸானவன் ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்கிறான். போனவனும் அதையேதான் சொல்கிறான்.

இப்படித்தான் ஆகும் என்று 1975-லேயே பாரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பேத் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் முதலில் சீனாவுக்கும் பிறகு மாஸ்கோவுக்கும் போனார். அந்தப் பயணங்களுக்கு முன் இஸ்ரேலில் மாணவர்களிடம், அவர் மாவோவைச் சந்திப்பாரா, இது நடக்குமா, அது நடக்குமா என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று எழுதி வாங்கினார்கள். பயணங்கள் முடிந்த பின், ‘அன்றைக்கு நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள்’ என்றார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் முன்பே அதிக வாய்ப்பு கொடுத்திருந்ததாகத்தான் மாணவர்களுக்கு நினைவு வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. விடை தெரிந்த தலை, விடை தெரியாமல் இருந்த நாளை இழந்துவிடுகிறது.

உங்களுக்கு விடை இன்னும் தெரியாது. அதுதான் இந்த விடுமுறையில் உங்கள் கையில் இருக்கிற பெரிய வசதி. பல்கலைக்கழக இணையதளத்தில் முடிவு வந்துவிட்டால் இந்த வசதி போய்விடும். ஆகவே இந்த வாரமே ஒரு நோட்டை எடுங்கள். ஒவ்வொரு பேப்பருக்கும் எவ்வளவு வரும், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதித் தேதி போட்டு வையுங்கள். ரிசல்ட் வந்த அன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எந்தப் பாடத்தில் உங்கள் கணிப்பு சரியாக இருந்தது, எதில் தவறியது என்பது கிரேடைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

எப்படி எழுதுவது என்று காட்ட, நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்தே கணக்குப் பேப்பரை நான் போட்டுப் பார்க்கிறேன். 2021 ரெகுலேஷனில் தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. தேர்வு 100 மார்க்குக்கு நடக்கிறது, அதை 60-க்குச் சுருக்குகிறார்கள். பாஸாக இரண்டு நிபந்தனை: தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவீதம், இரண்டும் சேர்ந்து குறைந்தது 50. நீங்கள் சொன்ன 38-ம் 61-ம் அசைன்மென்ட்டும் சேர்ந்த இன்டர்னல் மார்க் என்று எடுத்துக்கொண்டால் சராசரி 49.5. நாற்பதுக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 20. அப்படியென்றால் தேர்விலிருந்து 60-க்கு 30 வேண்டும், அதாவது பேப்பரில் 50. இன்டர்னல் 23 வந்திருந்தால் பேப்பரில் 45 போதுமானதாக இருந்திருக்கும். முதல் இன்டர்னலின் 38 எங்கே வந்து கடிக்கிறது என்று பாருங்கள். ‘முதல் மாதம்’ என்று நீங்கள் வருந்துவதன் உண்மையான விலை பேப்பரில் இந்த 5 மார்க். அதற்கு மேல் இல்லை.

இப்போது பேப்பர். டூ மார்க் ஏழு சரி என்றால் 14. விடை வந்த பதினாறு மார்க் கேள்விக்கு முழுதாக 16. விடை வராத இரண்டுக்கும் ஸ்டெப் மார்க் உண்டு. அணிக் கணக்கில் ஐகன் மதிப்பு வரை சரியாகப் போய் அதன்பின் கூட்டலில் தவறியிருந்தால் அதுவரை உள்ளதற்கு மார்க் விழும். ஒவ்வொன்றுக்கும் 10 என்று அடக்கமாகவே வைப்போம், 20 ஆயிற்று. நாலாவது யூனிட்டில் பாதி எழுதியதற்கு ஒரு 5. மொத்தம் 55. அறுபதுக்கு 33. இன்டர்னல் 20 சேர்த்தால் 53. ‘சி’ கிரேடு, 5 புள்ளி. நாலு கிரெடிட் பேப்பரில் அது பெருமைப்படுகிற கிரேடு இல்லைதான். ஆனால் பாஸ். என் கணக்கு பேப்பரில் 5 மார்க் வரை தவறினாலும் எல்லையில் பாஸ். அதற்கு மேல் தவறினால் அரியர். உங்கள் நிலைமை இவ்வளவுதான். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்துகொண்டிருப்பது இதைவிட மிகப் பெரியது.

மற்ற பேப்பர்களுக்கும் இதேபோல் நீங்களே போடுங்கள். கொஸ்டின் பேப்பர் உங்களிடம்தான் இருக்கும். எந்தக் கேள்வி எழுதினீர்கள் என்று இப்போது ஞாபகம் இருக்கிறது, பிப்ரவரியில் இருக்காது.

அரியரே விழுந்தாலும் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேப்பரை ஏப்ரல்–மே தேர்வில் இரண்டாம் செமஸ்டர் பேப்பர்களோடு சேர்த்து எழுதலாம். இதே இன்டர்னல் மார்க் கூடவே வரும். டிகிரியில் ‘டிஸ்டிங்ஷன்’ கிடைக்காது, ஏனென்றால் அதற்கு எல்லாப் பேப்பரும் முதல் தடவையிலேயே பாஸாகியிருக்க வேண்டும். முதல் வகுப்புக்குத் தடையில்லை. மயிரிழையில் போயிருந்தால் விடைத்தாளின் நகலுக்குக் கல்லூரி மூலம் விண்ணப்பியுங்கள். வந்ததும் கணக்கு வாத்தியாரிடம் காட்டுங்கள், அவர் சொன்னால் ரீவேல்யூவேஷன் போடுங்கள். அவகாசம் சில நாள்தான் தருவார்கள், ஆகவே ரிசல்ட் வந்த அன்றே விசாரியுங்கள். கோபத்தில் எல்லாப் பேப்பருக்கும் பணம் கட்டாதீர்கள்.

அந்த ‘முதல் மாதம்’ என்ற சொல்லை நான் அப்படியே ஏற்கவில்லை. அது எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தது? உங்களால் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். போன் கேலரியைத் திறங்கள். போர்டில் எழுதியதைப் படம் எடுத்திருப்பீர்கள், எல்லாரும் எடுக்கிறார்கள். அதில் தேதி இருக்கும். முதல் போர்டு படம் எப்போது, அடிக்கடி எடுக்க ஆரம்பித்தது எப்போது என்று பாருங்கள். லேப் ரெக்கார்டில் ஒவ்வொரு சோதனைக்கும் தேதி இருக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இன்டர்னல் அட்டவணை வந்த நாள் இருக்கும். இவற்றை வைத்து வாரவாரியாக ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் செமஸ்டர் எப்போதுமே மற்றவற்றைவிடக் குட்டை. கவுன்சலிங் முடிந்து நீங்கள் வந்து சேரவே தாமதம், அதன்பின் புது மாணவர்களுக்கான அறிமுக வகுப்புகளான இன்டக்‌ஷன். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுமம் (ஏ.ஐ.சி.டி.இ.) சொல்கிற கணக்குப்படி அது மூன்று வாரம். (அந்த மூன்று வாரத்தில் பாதியைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்குக் கொடுப்பதற்குப் பதில் ‘நோட்ஸ் எடுப்பது எப்படி’ என்று நாலு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் என் அறைக்கு வரும் கூட்டம் குறையும். இது வேறு கதை.) நீங்கள் படிக்காமல் விட்டதாக நினைக்கும் மாதத்தில் பாதி, படிப்பதற்குப் பாடமே ஆரம்பிக்காத நாட்களாக இருக்கும். மீதி நாட்கள் உண்மையாகவே போனவை. அவற்றை மட்டும் கணக்கில் எழுதுங்கள்.

போனையும் அதேபோல் பிரித்துப் பாருங்கள். ஹாஸ்டலுக்குப் புதிதாக வந்தவன் பள்ளி நண்பர்களோடு ராத்திரி பேசுவது ஊர் ஞாபகம், அதைக் குற்றப்பட்டியலில் சேர்க்க மாட்டேன். ஒரு மணிவரை ரீல்ஸ் பார்த்துவிட்டு மறுநாள் முதல் பீரியடில் தூங்குவது வேறு. அது சேரும்.

அடுத்து நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான் என்பது என் கருத்து: கிளாஸில் புரிகிறது, ரூமில் ஒன்றும் இல்லை, நாலைந்து தடவை படித்தும் ஹாலில் வரவில்லை. இதற்கு இரண்டு காரணம் இருக்கிறது. நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கி ‘எனக்கு இன்ஜினியரிங் வராது’ என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

ஒன்று, மொழி. வாத்தியார் தமிழும் ஆங்கிலமும் கலந்து நடத்துகிறார், உங்களுக்குப் புரிகிறது. லேசரில் மேல் மட்டத்தில் அணுக்கள் அதிகமாக வேண்டும், கீழே குறைவாக வேண்டும், அப்போதுதான் ஒளி பெருகும் என்பது தலையில் தெளிவாக இருக்கிறது. ஆனால் பார்ட் ஏ-யில் ‘பாப்புலேஷன் இன்வர்ஷன்’ என்றால் என்ன என்று இரண்டு மார்க்குக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி கேட்கிறான். விஷயம் தெரியும், வாக்கியம் இல்லை. பத்து டூ மார்க் சேர்ந்து ஒரு பேப்பரில் 20. தமிழ் வழியில் படித்துவந்த மாணவர்கள் முதல் செமஸ்டரில் இந்த இருபதில்தான் அடிபடுகிறார்கள். பெரிய கேள்வியில் படமும் சமன்பாடும் கைகொடுக்கும், டூ மார்க்கில் ஒன்றும் கைகொடுக்காது. உங்கள் கொஸ்டின் பேப்பர்களில் விட்டுப்போன டூ மார்க்குகளுக்குப் பக்கத்தில் ‘தெரியாது’, ‘தெரியும், எழுத வரவில்லை’ என்று இரண்டாகக் குறியுங்கள். இரண்டாவது வகை அதிகமாக இருந்தால், உங்களுக்குத் தேவையானது ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஆங்கிலத்தில் நீங்களே எழுதிய பத்து வாக்கியம். யாரோ அச்சடித்த டூ மார்க் தொகுப்பு உதவாது. அதில் இருக்கிற ஆங்கிலம் மனப்பாடத்துக்காக எழுதப்பட்டது, ஒரு சொல் மறந்தால் மொத்தமும் போய்விடும். முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மாற்றுங்கள். வாத்தியாரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு, படிக்கிற விதம். நோட்ஸை நாலைந்து தடவை படித்தேன் என்கிறீர்கள். படிக்கப் படிக்க அது பழகிய முகமாகிவிடும், தெரிந்தது போலவே இருக்கும். 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இருவர் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைப் படித்த பிறகு சிலரைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். மற்றவர்களைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் மூடிவைத்து எழுதியவர்கள் தெளிவாக முந்தியிருந்தார்கள். ‘ராத்திரி படித்தபோது எல்லாம் தெரிந்ததே, ஹாலில் எங்கே போனது’ என்ற உங்கள் குழப்பத்துக்கு இதில் பதில் இருக்கிறது. பைத்தான் ஏன் ஓடியது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அதை நீங்கள் படிக்கவில்லை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டினீர்கள். தவறு வந்தது, திருத்தினீர்கள், மறுபடி ஓட்டினீர்கள். ஒவ்வொரு ஓட்டமும் ஒரு குட்டிப் பரீட்சை. கணக்கை அப்படிப் படிக்கவில்லை. தீர்த்துவைத்த கணக்கை வாசித்துக்கொண்டிருந்தீர்கள், இல்லையா?

ஆகவே இந்த விடுமுறையில் ஒரே ஒரு படிப்பு வேலை தருகிறேன். தொடாமல் விட்ட அந்த ஐந்தாவது யூனிட், இரட்டைத் தொகையிடல். அரியருக்காக இல்லை, பாஸானாலும் செய்யுங்கள். இ.சி.இ.-க்கு மூன்றாவது செமஸ்டரில் ‘ரேண்டம் ப்ராசஸஸ்’ வருகிறது. அதில் இரண்டு மாறிகள் சேர்ந்துவரும் இடத்தில் முதல் பக்கமே இரட்டைத் தொகையிடல். நாலாவது செமஸ்டரில் மின்காந்தப் புலம். அங்கே பரப்புத் தொகையீடும் கன அளவுத் தொகையீடும் இல்லாமல் ஒரு பக்கம் நகராது. தினம் மூன்று கணக்கு போதும். தீர்வைப் பார்க்காமல் போடுங்கள். நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, பிறகு தீர்வைப் பாருங்கள். எல்லை மாற்றும் கணக்கில் முதலில் படம் வரையுங்கள். அந்தப் படத்தை வரையாததால்தான் பாதிப் பேருக்கு அந்த யூனிட் பயமாக இருக்கிறது.

அப்பாவிடம் சொல்வதைப் பற்றிப் பெரிய அறிவுரை ஏதும் இல்லை. அவர் தறிக்காரர். பாவு இறங்கும்போது எத்தனை மீட்டர், எவ்வளவு டேமேஜ் என்று எண்ணிலேயே பேசிப் பழகியவர். ‘பரவால்ல’ அவருக்குக் கணக்கு இல்லை, மழுப்பல். நோட்டில் எழுதியதைக் காட்டி, ‘கணக்குல 53 வரும்னு நெனைக்கிறேன்ப்பா, 50 பாஸ், கொஞ்சம் இழுபறிதான். மத்ததுல பயமில்ல’ என்று சொல்லுங்கள். மற்ற பேப்பர்களின் கணிப்பையும் போட்ட பிறகு சொல்லுங்கள், வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். ரிசல்ட் அன்று அவருக்கு அதிர்ச்சி இருக்காது. உங்களுக்கும் இத்தனை நாள் ஓடி ஒளிகிற வேலை மிச்சம்.

ஒன்றைத் தனியாகக் கேட்டுவிடுகிறேன். தூக்கமே வராமல், சாப்பாடும் இறங்காமல் வாரக்கணக்கில் இருந்தாலோ, செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலோ, இந்த நோட்டுக் கணக்கெல்லாம் அப்புறம். உடனே வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும், தமிழக அரசின் 104 எண்ணிலும் தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது. அரியர் பயத்துக்கு அங்கே பேசுவது அதிகப்படி என்று நினைக்க வேண்டாம், அவர்கள் தினம் கேட்பது இதைத்தான்.

கடைசியாக பி.எஸ்சி. நீங்கள் இன்னும் இ.சி.இ. படிக்கவே ஆரம்பிக்கவில்லை, தம்பி. முதல் செமஸ்டரில் நீங்கள் படித்த கணக்கு, இயற்பியல், வேதியியல், பைத்தான், ஆங்கிலம், தமிழர் மரபு எல்லாமே மெக்கானிக்கல்காரனும் சிவில்காரனும் படித்ததுதான். இ.சி.இ.-யின் முதல் சொந்தப் பாடமான ‘சர்க்யூட் அனாலிசிஸ்’ இரண்டாம் செமஸ்டரில்தான் வருகிறது. மின்தடையும் மின்தேக்கியும் உள்ள ஒரு சுற்றைப் பார்த்தால் உங்களுக்கு ஆர்வம் வருகிறதா, எரிச்சல் வருகிறதா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். இயற்பியல் உங்களுக்கு உண்மையிலேயே அதிகம் பிடித்து, எலக்ட்ரானிக்ஸ் பிடிக்கவில்லை என்றால் பி.எஸ்சி. இயற்பியல் நல்ல வழி. அதைக் கீழான படிப்பாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு கணக்குப் பேப்பருக்குப் பயந்து அங்கே போனால், அங்கேயும் முதல் வருடத்தில் கணக்கு உண்டு. படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசே கட்டுகிற ஓர் இடம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அதை விடுவதானால் நிதானமாக யோசித்துவிட்டு விட வேண்டும். எப்படியும் கலைக் கல்லூரிச் சேர்க்கை மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகுதான் சூடுபிடிக்கும், இன்றைக்கு முடிவெடுத்தாலும் சேர இடமில்லை. அதற்குள் இரண்டாம் செமஸ்டர் இன்டர்னல் இரண்டும் வந்துவிடும். கல்லூரி திறந்த முதல் வாரமே, கூட்டம் சேருவதற்குள், அந்த நோட்டோடு உங்கள் வகுப்பு ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். சர்க்யூட் பாடத்தின் முதல் இன்டர்னல் மார்க் கைக்கு வந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், பி.எஸ்சி. கேள்வியை அப்போது எடுத்துக்கொள்வோம்.